கரண்ட் போன பதினேழு நிமிடம்

செலஸ்ரினின் படகு றேடியோ மேசையில் கிடக்கிறது,
வயிறு திறந்தபடி.
"கரைக்கு வந்தா இரையுது" என்றான்.
கடலில் இரையாதாம்.
"அங்கை கடல் இரையும், அதாலை கேக்காது" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. முற்பணமும் வைக்கவில்லை.

இருபதடிக் கம்பி.
ஒரு நுனி கூரை மரத்தில்,
மறு நுனி, கொக்குவிலில் கழித்து விற்ற
ஒசிலோஸ்கோப்பின் வாயில்.
இரண்டாவது சானல் செத்தது. முதலாவது போதும்.
குமிழ்களில் எழுத்துத் தேய்ந்து
எது எதுவென்று கைக்கு மட்டுந்தான் தெரியும்.

வானத்தைப் பார்க்கலாமென்றுதான் செருகினேன்.
வந்தது குருநகர்.

தடித்த பச்சை அலை,
செக்கனுக்கு ஐம்பது தரம் எழுந்து விழுந்து:
ஐஸ் கொம்பனி மோட்டர்,
மாதா கோயில் முகப்பின் குழல் விளக்கு,
ஆரோ வீட்டில் நாளைய தோசைக்கு அரைபடும் உழுந்து
எல்லாம் ஒரே முதுகாய் வளைந்து.
கம்பியை விரலால் தொட்டேன்.
அலை திரைக்கு வெளியே போயிற்று.
என்னையும் கம்பியாக்கித்தான்
இந்த ஊர் இத்தனை காலம் போய்வந்திருக்கிறது;
ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை.

ஒன்பது பன்னிரண்டுக்குக் கரண்ட் போனது.

ஸ்கோப் மட்டும் லொறிப் பற்றரியில் முழித்திருந்தது.
அலை விழுந்த இடத்தில் ஒரு கோடு,
ஆஸ்பத்திரிக் காட்சியில் ஆள் முடிந்ததும் வருமே, அப்படி.
வோல்ட் குமிழைக் கடைசிவரை திருகினேன்.
கோட்டுக்குப் பூனைமயிர் முளைத்தது.

பெரைட் தடியில் சுற்றிய சுருளையும்
செத்த றேடியோவொன்றின் கண்டென்சரையும் பூட்டி
மெல்ல, மிக மெல்லத் திருப்ப
ஒரு மயிர் மட்டும் தடித்துப் பட்டையானது,
பனங்குருத்தோலை அகலத்துக்கு.
ஆரும் பேசாவிட்டாலும் அந்தப் பட்டை நிற்கும்.
பேசினால் அதன் ஓரம் உப்பும், ஒடுங்கும், கிழியும்.
எந்த ஊர் என்று தெரியாது.
மத்திய அலைக்கு உப்புத் தண்ணி நல்ல தார் றோட்டு;
அக்கரையில் ஏறி இக்கரையில் இறங்கலாம்,
பாஸ் கேட்க ஆளில்லை.

நெருப்புப்பெட்டி கேட்டு வந்த மெற்றில்டா
வாசலிலேயே நின்றாள், முகம் பச்சையாகி.
"என்ன இது?"
"றேடியோ."
"சத்தத்தைக் காணேல்லை?"
"சத்தத்துக்கு ஒண்டும் பூட்டேல்லை. பாக்க மட்டுந்தான்."

கதிரையை இழுத்து இருந்தாள்.
கொஞ்ச நேரம் மெலிதாய்த் துடிக்கும்;
திடீரென்று முழு அகலத்துக்கும் நிரம்பும்;
திரும்பவும் மெலிதாய்.
"செபமாலையெல்லோ போகுது!
முன்பாதி ஒராள் சொல்லுறார்,
மிச்சத்தைச் சனம் சொல்லுது.
பார், பார், இப்ப சனம்."

அவளின் உதடு அசையத் தொடங்கியது.
விரல், சட்டைக் கரையில் மணி எண்ணியது.

டயோட்டுக்குப் பின்னால் காதுக்குழாயைச் செருகி
அவளுக்குத் தெரியாத பக்கத்துக் காதில் வைத்தேன்.

கிரிக்கெட்.
ஹிந்தியோ உருதோ, ஒருவன் மூச்சுவிடாமல் ஓடுகிறான்,
பிறகு மைதானம் முழுக்க எழும்புகிறது.
ஒராள். பிறகு சனம்.
அவள் பார்த்ததில் பிழையில்லை.

குழாயைக் கழற்றினேன்.
இனி எனக்கும் பாக்க மட்டுந்தான்.
ஏழாவது மணியோ எட்டாவதோ,
ஆரோ ஆட்டமிழந்திருக்க வேண்டும்:
பட்டை நெடுநேரம் அகன்றே நின்றது.
"எவ்வளவு சனம்" என்று
மெற்றில்டா சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஒன்பது இருபத்தொன்பதுக்கு ஊர் திரும்பியது.
பச்சை முதுகு திரையை அடைத்தது.
நெருப்புப்பெட்டியை மறந்து அவள் போய்விட்டாள்.

காலையில் செலஸ்ரினின் அன்ரனாக் கேபிளைக் கழற்றினேன்.
செருகியின் கழுத்தில் செம்பு பச்சையாய்ப் பூத்து
வெளிப்பின்னல் அறுந்துபோய்க் கிடந்தது.
உறை அறுந்தால் ஊர் முழுக்கக் கேட்கும்.
நாலங்குலம் வெட்டியெறிந்து
புதுத் தலை போட்டேன்.

"இரைச்சல் இல்லை" என்றான்.
"ஆனா ஒண்டுமே கேக்கேல்லையே?"
"ஆரும் கூப்பிட்டாத்தான் கேக்கும்."

பாதிக் காசும்
ஒரு கோர்வை ஓராவும் வைத்துவிட்டுப் போனான்.